பாலத்துக்கு அடியிலும் மாடிக்கு மேலேயும்: நாகர்கோவில் முதல் திருவனந்தபுரம் வரை படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

நாகர்கோவில் மணிக்கூண்டான மணிமேடையையும் மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் சாலையில் நின்று எடுத்த படம் எல்லோர் போனிலும் இருக்கிறது. அதே கட்டடத்தைக் கீழிருந்தோ மேலிருந்தோ, இல்லை எதிர் மாடியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தோ எடுக்க ஆசைப்பட்டு இறங்கியவன் நான். முதல் ஏழெட்டு மாதம் படம் எடுத்ததைவிட அலைந்ததுதான் அதிகம். தவறான அலுவலகத்தில் மனு கொடுத்தேன், விடுமுறை நாளில் போய் நின்றேன், மாடியிலிருந்து இறக்கிவிடப்பட்டேன். தமிழ்நாடு-கேரள எல்லைப் பகுதி என்பதால் சிக்கல் இரண்டு மடங்கு, ஏனென்றால் ஆளுக்கொரு மாநில விதி. நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

1. நிற்கப் போகும் இடம் யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

கட்டடம் யாருடையது என்பதைவிட, நீங்கள் நிற்கும் இடம் யாருடையது என்பதுதான் முக்கியம். பொதுச் சாலையில் நின்று கோபுரத்தை எடுத்தால் பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அதே கோபுரத்தை எதிர்க் கடையின் மாடியிலிருந்து எடுக்க, கடைக்காரரின் அனுமதி வேண்டும். ஆற்றுப் படுகை, கால்வாய்க் கரை என்றால் நீர்வளத் துறை. மேம்பாலத்துக்கு அடி என்றால் நெடுஞ்சாலைத் துறை. தண்டவாள ஓரம் ரயில்வே. அரண்மனை, கோட்டை என்றால் தொல்லியல் துறை. ஆனால் எந்த மாநிலத்துத் தொல்லியல் துறை? நான் விழுந்தது அந்தக் குழியில்தான்.

பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அதனால் முக்காலியும் (ட்ரைபாட்) அகலக் கோண லென்ஸும் கொண்டுபோக அனுமதி கேட்டு நம் பக்கத்து அலுவலகம் ஒன்றில் மனுவைக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்களே தவிர, "இது எங்களுக்கு உரியது அல்ல" என்று ஒருவரும் சொல்லவில்லை. அரண்மனையை நிர்வகிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. மனு திருவனந்தபுரத்துக்குத்தான் போக வேண்டும். இது தெரிந்து திருத்தி அனுப்பியபோது ஒரு மாதம் போயிருந்தது. அதற்குப் பிறகும் ஒரு திங்கட்கிழமை கிளம்பிப் போய், பூட்டிய வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். திங்கள் விடுமுறை. மற்ற நாட்களில் காலை 9 முதல் 1 வரை, பிறகு 2 முதல் 4.30 வரை. மதியம் ஒரு மணி நேரம் அடைப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். 12.30-க்கு உள்ளே போனவர் பாதியில் வெளியே வர வேண்டியிருக்கும். கேமராவுக்கும் வீடியோவுக்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு.

போனில் கையால் எடுக்கப் போகிறீர்கள் என்றால் பெரும்பாலான இடங்களில் மனு எழுதவே வேண்டாம். முக்காலியை விரித்த நிமிடத்தில்தான் எல்லாம் மாறும். முக்காலி கண்ணில் பட்டாலே காவலாளிக்கு நீங்கள் 'ஷூட்டிங் பார்ட்டி'.

2. பையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஆதார் நகல் இரண்டு. கல்லூரி அல்லது அலுவலக அடையாள அட்டை. அதோடு ஒரு பக்க மனு. அந்த மனுவில் இவை கட்டாயம் இருக்கட்டும்: பெயர், முகவரி, போன் எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்னென்ன கருவி, முக்காலி உண்டா இல்லையா. கடைசியாக "வணிக நோக்கம் இல்லை, கல்யாணப் படப்பிடிப்பு இல்லை" என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியைச் சேர்த்த பிறகுதான் என் மனுக்கள் நகர ஆரம்பித்தன. கல்யாணத்துக்கு முன் ஜோடியை வைத்துப் படம் எடுக்கும் கூட்டம் எல்லா இடத்திலும் அலுவலர்களைச் சலிக்க வைத்திருக்கிறது. அதற்குக் கட்டணமும் வேறு, நடைமுறையும் வேறு. நீங்கள் சொல்லாவிட்டால் உங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டு அலுவலகத்துக்குத் தமிழில் கொடுங்கள். கேரள அலுவலகத்துக்கு மலையாளத்தில் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். விளவங்கோடு, களியக்காவிளைப் பக்கம் இரண்டு மொழியும் எழுதத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள். யாராவது ஒரு மாமாவையோ டீச்சரையோ பிடித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போதும் இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியோடு சீல் வாங்குங்கள். பதில் கடிதம் வராவிட்டாலும் அந்தச் சீல் இருந்தால், இடத்தில் ஒரு காவலர் வந்து கேட்கும்போது பேச்சின் தொனியே வேறாக இருக்கும். அது அனுமதி ஆகிவிடாது, உண்மைதான். ஆனால் திருட்டுத்தனமாக வந்தவர் இல்லை என்பதாவது தெரியும்.

3. முதல் பாலம் மாத்தூராக இருக்கட்டும்

புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. திருவட்டாறில் இருந்து சுமார் 3 கிலோமீட்டர். பரளியாற்றின் மேலே, ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குக் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோக 1966-இல் கட்டியது. 115 அடி உயரம், 28 தூண்கள். நுழைவுக்கும் வண்டி நிறுத்தவும் சிறு தொகை வாங்குவார்கள், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் தொட்டியின் மேல் நடந்துபோய், கம்பியைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்துத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் படிக்கட்டில் இறங்குங்கள். ஆற்று மட்டம் வரை நீண்ட படிக்கட்டு இருக்கிறது. இறங்க இறங்கப் பாலம் வளர்ந்துகொண்டே போகும்.

கீழே போனதும் உயரமான தூண் ஒன்றின் அடியில், முதுகைத் தூணில் சாய்த்து நின்று, கேமராவை நெற்றிக்கு நேர் மேலே திருப்புங்கள். ரப்பர் மரங்களின் உச்சி, தூணின் விளிம்பு, அதற்கு மேல் தொட்டியின் அடிப்பாகம் ஒரு கோடு மாதிரி. கான்கிரீட்டில் மழைநீர் இறங்கிய கறுப்புத் தடங்களும், பலகை அடைத்து வார்த்த வரிகளும் பக்கத்தில் போனால்தான் தெரியும். காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் அந்த வரிகள் ஒவ்வொன்றும் தனியாக எழுந்து நிற்கும். நான் அதை முதல் முறை பார்த்த அன்று வேறு எதையும் எடுக்கவில்லை. ஒரே தூணை நாற்பது தடவை எடுத்தேன்.

இரண்டாவது கோணம், தூண் வரிசைக்கு நடுவில். எல்லாத் தூணும் ஒன்றின் பின் ஒன்றாக மறையும் கோட்டில் நின்றால் ஒரே தூண் போல இருக்கும். அதிலிருந்து அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும், பின்னால் உள்ளவை புத்தகப் பக்கங்கள் போல விரியும். அரை அடிதான். ஒரு முழு அடி நகர்ந்தால் கலைந்துவிடும். நிதானமாக நகருங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு விஷயம். நம் மாவட்டம் பூமத்திய ரேகைக்கு எட்டு பாகைக்குச் சற்று வடக்கே இருக்கிறது. அதனால் ஏப்ரல் இரண்டாவது வாரத்திலும், ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் நாட்களிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நேரத்தில் தூண்களுக்குப் பக்கவாட்டு நிழலே இருக்காது. தொட்டியின் நிழல் மட்டும் தனக்கு நேர் கீழே, பாறையிலும் தண்ணீரிலும் ஒரு பட்டையாக விழும். உச்சி வெயிலில் படம் எடுக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த ஒரு படத்துக்கு அதுதான் நேரம்.

கவனிக்க வேண்டியவை: படுகைப் பாறைகளில் பாசி வழுக்கும், செருப்போடு போகாதீர்கள், பிடிப்புள்ள ஷூ வேண்டும். கோதையாறு பாசனத்துக்குப் பெரும்பாலும் ஜூனில் தண்ணீர் திறப்பார்கள். அப்போது மேலே தொட்டியில் தண்ணீர் ஓடும், மூடாத இடங்களில் தண்ணீரில் வானம் தெரியும், அது தனி அழகு. ஆனால் கீழே ஆற்றில் நீர் ஏறியிருந்தால் படுகையில் இறங்கவே வேண்டாம். தொட்டியின் மேலே காற்று பலமாக அடிக்கும். வாரைக் கழுத்தில் போட்டுக்கொள்ளாமல் கையை நீட்டி எடுத்த ஒருவரின் போன் கீழே போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

4. மாடி கேட்பது எப்படி

நகரத்தில் புதுக் கோணம் என்றால் பாதி மாடிதான். மாடி கிடைப்பது உங்கள் பேச்சைப் பொறுத்தது.

நான் செய்த தப்பு, காவலாளியிடம் கேட்டது. திருவனந்தபுரத்தில் ஒரு விடுதியில் காவலாளி தலையாட்டினார், மேலே ஏறினேன், பத்தாவது நிமிடம் உரிமையாளர் வந்து சத்தம் போட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எனக்கு வருத்தம், அந்தக் காவலாளி அண்ணனும் என்னால் திட்டு வாங்கினாரே என்பதுதான். அதற்குப் பிறகு உரிமையாளரைப் பார்க்காமல் ஒரு படி ஏறியதில்லை.

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டை என்ற பகுதிக்குப் பக்கத்தில் சாலைக் கடைத்தெரு இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் வியாபாரிகள் நிறைய. நாகர்கோவில் என்றாலே "எந்த ஊரு மக்கா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். காலை 11 மணிக்குக் கடையில் கூட்டம், அப்போது போகாதீர்கள். மதியம் 2.30-க்குப் போங்கள். ஏதாவது சின்னதாக வாங்குங்கள். "அண்ணாச்சி, சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் மேலே நின்று பத்மநாபசுவாமி கோயில் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொள்ளலாமா, உங்கள் ஆள் ஒருவர் கூட இருக்கட்டும்" என்று கேளுங்கள். 'உங்கள் ஆள் கூட இருக்கட்டும்' என்ற சொல்லுக்கு நல்ல பலன் உண்டு. ஆதார் நகலைக் கொடுத்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி என்றால் "என் பொறுப்பில் ஏறுகிறேன்" என்று எழுதிக் கொடுங்கள். நீங்களும் விளிம்புக்கு நான்கடி உள்ளேயே நில்லுங்கள். முடிந்து ஒரு வாரத்துக்குள் ஒரு பிரதி அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் கொடுத்த படம் ஒரு பாத்திரக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இன்னும் தொங்குகிறது. அந்த மாடி எனக்கு எப்போதும் திறந்திருக்கும்.

இந்தப் பக்கத்தில் மாடி தேடுவதற்கு ஒரு பெரிய காரணம் உண்டு. பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரத்தில், இரவும் பகலும் சமமாகும் நாட்களில், அதாவது மார்ச் 20, 21 வாக்கிலும் செப்டம்பர் 22, 23 வாக்கிலும், மறையும் சூரியன் நடு வாசல்கள் ஒவ்வொன்றின் வழியாகவும் இறங்கித் தெரியும். மேல் நிலையில் தொடங்கி, ஒன்றில் சில நிமிடம் நின்று, அடுத்ததற்கு இறங்கும். கோபுரத்தின் நடுக்கோட்டுக்கு நேர் கிழக்கே நிற்க வேண்டும். கொஞ்சம் இடமோ வலமோ விலகினாலும் சூரியன் வாசலுக்குள் வராது. கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்றால் சீக்கிரமே ஆரம்பித்துவிடும். தள்ளிப் போகப் போக, சூரியன் நன்றாகத் தாழ்ந்த பிறகுதான் மேல் வாசலுக்கே வரும், ஒளியும் சிவந்திருக்கும். தரையில் அன்றைக்குப் பெரிய கூட்டம். அதனால்தான் நேர்க்கோட்டில் ஒரு மாடி கிடைத்தால் விடாதீர்கள்.

மாடியை ஒரு மாதம் முன்பே பேசி வையுங்கள். இரண்டு நாள் முன்பே போய் நடுக்கோடு சரியாக வருகிறதா என்று நின்று பாருங்கள். சூரியனை நேராகக் கேமராவின் பார்வைத் துவாரம் (வ்யூஃபைண்டர்) வழியாகப் பார்க்காதீர்கள், திரையில் பார்த்தே எடுங்கள். கோயிலுக்குள் போனும் கேமராவும் கொண்டுபோக முடியாது, சுற்றிலும் போலீஸ் காவல் கடுமை. கோட்டைக்குள் தெருவில் பெரிய முக்காலியை விரிக்காதீர்கள். மாடியில் நிற்கிறீர்கள் என்பதைக் கீழே காவலில் இருப்பவரிடம் உரிமையாளரே சொல்லிவிட்டால் நல்லது.

நம் பக்கத்துக் கோயில்களிலும் இப்போது கவனம் தேவை. தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சுசீந்திரம் கோபுரத்தைத் தெப்பக்குளத்தின் எதிர்க்கரையில் இருந்து, தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுங்கள். காற்று எழுவதற்கு முன், காலை 7 மணிக்குள் போனால் தண்ணீரில் கோபுரம் கலையாமல் நிற்கும்.

5. தண்டவாளத்தின் மேல் ஏறாதீர்கள்

செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் பாதையில், ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் இடையே கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம் இருக்கிறது. கல் வளைவுகள். நெடுஞ்சாலை ஓரத்திலேயே தெரியும். மேலே ஏறிப் படம் எடுப்பவர்களைப் பார்த்து நீங்களும் ஏறிவிடாதீர்கள். ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், வளைவில் வரும் ரயிலின் சத்தம் மலையில் எதிரொலித்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது.

கீழே இருந்தே அருமையான கோணம் உண்டு. ஒரு வளைவின் உள்ளே நின்று, அதைப் படச் சட்டம் போல வைத்து அடுத்த பக்கத்துக் காட்டை எடுங்கள். அல்லது ரயிலிலேயே ஏறிக் கடைசிப் பெட்டியில் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். படிக்கட்டில் தொங்க வேண்டாம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் புனலூர் தொங்குபாலம், 1877-இல் கட்டி முடித்தது, இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். அதைப் பக்கத்துக் கான்கிரீட் பாலத்தின் நடைபாதையில் நின்று எடுங்கள், கல்லடா ஆறு முழுவதும் படத்துக்குள் வரும்.

6. ட்ரோன்

தொடக்கத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. திருவனந்தபுரம் விமான நிலையம் ஊருக்குள்ளேயே, கிழக்கே கோட்டையில் இருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது. தும்பா பக்கத்தில் விண்வெளி மையம். இந்தப் பக்கம் மணவாளக்குறிச்சி அருமணல் ஆலை, கொஞ்சம் தள்ளி மகேந்திரகிரி ராக்கெட் எஞ்சின் சோதனை மையம், கூடங்குளம் அணுமின் நிலையம். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. உங்கள் ஊர் பச்சை மண்டலமா என்று அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பாருங்கள். பச்சை என்றால் 400 அடி வரை பறக்கலாம். 250 கிராமுக்கு மேல், 2 கிலோ வரை உள்ளதை வணிகமில்லாமல் பறக்கவிட ஓட்டுநர் சான்று தேவையில்லை, ஆனால் ட்ரோனைப் பதிவு செய்து தனி எண் வாங்க வேண்டும். 2021 ட்ரோன் விதிகளில் அதற்குக் கட்டணம் 100 ரூபாய்.

7. தண்ணீரில் இருந்து

கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகில் போகும்போதே கேமராவைத் தயாராக வைத்திருங்கள். விவேகானந்தர் பாறையையும் 133 அடி திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்தார்கள். பாலத்தின் மேல் நின்று காலுக்குக் கீழே கடலை எல்லோரும் எடுக்கிறார்கள். படகில் இருந்து பார்த்தால்தான் அதன் வில் வளைவு இரண்டு பாறைக்கும் நடுவில் முழுதாகத் தெரியும். கடல் கொந்தளித்தால் படகு நிற்கும், வெளியூரிலிருந்து வருபவர்கள் இன்னொரு நாளைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

குழித்துறைப் பாலத்தை ஆற்றங்கரையில் இருந்து எடுக்கலாம். ஆடி அமாவாசை அன்று மட்டும் கரையில் பலி தர்ப்பணம் நடக்கும். பாலம் நன்றாக வருகிறதே என்று கொடுப்பவர்கள் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டாதீர்கள்.

8. செலவு

கட்டணங்கள் சிறியவை. காசு போவது திரும்பத் திரும்பப் போவதில்தான். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரத்துக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு மனுவுக்காக மூன்று முறை போனால் மூன்று நாள் சம்பளமும் போயிற்று. அதனால் கிளம்பும் முன் போனில் கேளுங்கள்: இந்த மனுவை யார் பெயருக்கு எழுத வேண்டும், கட்டணத்தை ரொக்கமாக வாங்குவார்களா, சலான் கட்ட வேண்டுமா, இன்று அந்த அலுவலர் இருக்கிறாரா. சலான் என்று தெரியாமல் போய், மதியத்துக்குள் கட்ட முடியாமல் நான் ஒரு நாள் முழுக்க இழந்தேன். மாடி உரிமையாளருக்குக் கொடுக்கும் அச்சுப் படத்தின் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். புது லென்ஸ் முதல் ஆறு மாதம் வாங்க வேண்டாம். போனும், பிடிப்புள்ள ஷூவும் போதும்.

9. எந்த மாதம், எத்தனை நாள் முன்பு

நமக்கு மழை இரண்டு பருவத்திலும் உண்டு. ஜூனில் ஒன்று, அக்டோபரில் இன்னொன்று. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு. கட்டடத்தின் மேல் மேகம் வேண்டும் என்றால் ஏப்ரல், மே மாதங்களில் மாலை மழைக்கு முன். சூரிய உதயம் வருடம் முழுக்க 6 மணிக்கும் 6.45-க்கும் இடையில்தான், எனவே 5.30-க்கு இடத்தில் இருந்தால் எந்த மாதமும் தப்பாது.

மனுவுக்குக் குறைந்தது நான்கு வாரம் விடுங்கள். நாள் குறிக்கும்போது இரண்டு மாநில விடுமுறைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு இங்கே அடைப்பு. ஓணத்துக்கு அங்கே ஒரு வாரம் எந்தக் கோப்பும் நகராது. ஆற்றுகால் பகவதி கோயில் பொங்காலை அன்று திருவனந்தபுரத்தில் தெருவெல்லாம் அடுப்பு, வண்டி போகாது. கேரளத்தில் ஹர்த்தால் (முழு அடைப்பு) அறிவித்தால் களியக்காவிளையோடு பேருந்து நின்றுவிடும். அதனால் முதல் நாள் இரவு செய்தியைப் பார்த்துவிட்டுப் பையை எடுங்கள்.